அடைக்கோழியும் பொரிக்கும் பொறியும்

தாய்க்கோழியின் துணையின்றி முட்டையைக் குஞ்சாக்கும் முயற்சி மிகப் பழமையானது. எகிப்தியர் முட்டைகளை எருக்குவியலிற் புதைத்துப் பொரிப்பித்தமையைக் கி. மு. நான்காம் நூற்றாண்டில் அரிஸ்டோட்டில் குறித்துள்ளார். பின்னர் அந்நாட்டில் ஆயிரக்கணக்கான முட்டைகளைக் கொள்ளும் சூளைகள் எழுந்தன. அச்சூளைகளைக் காத்தோர் வெப்பமானியை அறியார். முட்டையைக் கண்ணிமையில் ஒற்றியே சூட்டை அளந்தனர். பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர் வெப்பமானியின் துணைகொண்டு இக்கலையை ஆராய்ந்து 1749 இல் நூல் வெளியிட்டார். 1879 அளவிற் கலிபோர்னியாவின் பெற்றலூமா நகரில் லைமன் பைஸ் என்பார் அமைத்த பொறி இதனைப் பெருந்தொழிலாக்கிற்று.

இப்பொறி புதிதாக ஒன்றையும் கண்டுபிடித்திலது. கோழி இயல்பாக அறிந்தவற்றையே ஒவ்வொன்றாகக் கற்றது. இருபத்தொரு நாள், ஏறக்குறைய 37.5 பாகை வெப்பம், அளவான ஈரம், நற்காற்று, முட்டையை அடிக்கடி புரட்டுதல் என்பனவே அவை. ஆயின் பொறி கற்கக் கோழி மறந்தது. அடைகிடக்கும் கோழி முட்டையிடாதாதலின், வெள்ளை லெக்கோன் போன்ற இனங்களில் அவ்வியல்பை மனிதர் தெரிந்தெடுத்த இனப்பெருக்கத்தாற் பெரிதும் அகற்றினர்.

இம்மாற்றத்தின் பொருள் சப்பிரகமுவாத் தோட்டங்களில் தெளிவாகப் புலனாகும். கோப்பிக்கும், பின்னர்த் தேயிலைக்கும் இறப்பருக்குமாகத் தென்னிந்தியாவினின்று வந்த தொழிலாளர், இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் லயன்களிற் குடியமர்ந்தனர். நிலமும் இல்லமும் தோட்டத்துக்கே உரியனவாயின. தமதென்று கொள்ளத்தக்க சிலவற்றுள் லயத்தின் பின்புறத்துக் கோழியும் ஒன்று. ஒரு பழங்கூடையும் காய்ந்த புல்லும் இருப்பின், நாட்டுக்கோழி பத்துப் பன்னிரண்டு முட்டைகளைச் செலவின்றிப் பொரிக்கும். இரத்தினபுரியின் பெருமழையிற் குஞ்சுகளைச் சிறகினுள் ஒடுக்கும். பருந்தையும் கீரியையும் கண்டு எச்சரிக்கும். பொறி குஞ்சைத் தந்ததோடு ஓய்ந்துவிடும். அப்பால் வெப்பமூட்டும் கூடு வேறு வேண்டும். 2022 இல் இலங்கையில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டபோதும், அடைக்கோழியின் சூடு தணிந்திலது.

ஆண்டு முழுவதும் ஆயிரக்கணக்கிற் குஞ்சு வேண்டுவோர்க்குப் பொறி இன்றியமையாதது. அதனை மறுத்தல் பேதைமை. ஆயினும் அடைகாவாத இனத்தை மட்டும் வளர்க்கும் ஏழைக் குடும்பம், ஒவ்வொரு முறையும் குஞ்சுக்காகப் பிறர் கடையையே நாடவேண்டும். அதிக முட்டை தரும் கோழி வருவாயைப் பெருக்கலாம். அடைகாக்கும் கோழியோ மரபைத் தொடரும். ஆதலின் கலப்பினக் கோழி பத்து வளர்ப்பினும், அடைகிடக்கும் நாட்டுக்கோழி ஒன்றையேனும் பேணுதல் தோட்டக் குடும்பத்துக்குத் தக்க காப்பாகும்.