நான்கு அங்குல வெளிச்சம்

உணவக மேசைகளில் மெழுகுவத்திக்குப் பதிலாக வைக்கிறார்களே, பேட்டரியில் எரியும் பிளாஸ்டிக் டீலைட், அதை உடைத்துப் பார்த்தால் உள்ளே பெரிதாக ஒன்றும் இருக்காது. ஒரு பட்டன் செல், ஒரு சின்ன சுவிட்ச், மஞ்சளாக நடுங்கி எரிகிற ஒரு எல்இடி. விளக்கை அணைத்துவிட்டு அந்த எல்இடியின் உருண்டைத் தலையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் இரண்டு சில்லுகள் தெரியும். ஒன்று ஒளி தருவது. மற்றொன்று, மின்னோட்டத்தை ஒழுங்கில்லாமல் கூட்டிக் குறைத்து, காற்றில் ஆடும் சுடராக அதை மாற்றுவது. அந்த எல்இடி கடைசியில் பாழடைந்த ஒரு குட்டிக் கோட்டைக்குள் தீவட்டியாகக் குடியேறியது எப்படி என்பதுதான் இந்தக் கதை.

கண்ணுக்குத் தெரியும் ஒளி தரும் எல்இடியை, சிவப்பு நிறத்தில், 1962இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் செய்து காட்டியவர் நிக் ஹொலோன்யாக். அவருடைய மாணவர் ஜார்ஜ் கிராஃபோர்டு 1972இல் மான்சான்டோ நிறுவனத்தில் மஞ்சளைக் கொண்டுவந்தார். அடுத்த இரண்டே ஆண்டில், 1974இல், விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனிவா என்ற சிற்றூரிலிருந்து கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் எழுதிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டு வெளிவந்தது. மஞ்சள் எல்இடியும் இந்த விளையாட்டும் கிட்டத்தட்ட ஒரே வயதுக்காரர்கள்தான். ஆனாலும் இரண்டும் ஒரே மேசைக்கு வந்து சேர வெகுகாலம் பிடித்தது. எல்இடி முதலில் கால்குலேட்டருக்கும் கைக்கடிகாரத்துக்கும் எண்களாகப் போனது. விளையாட்டோ காகிதம், பென்சில், சின்னச் சின்னப் பொம்மை வீரர்கள், பிறகு பேச்சு, இவற்றை வைத்தே நடந்தது.

இந்த விளையாட்டில் வெளிச்சம் அலங்காரம் இல்லை, விதி. நிலவறைக்குள் இறங்குகிறவர் கையில் தீவட்டி இருக்க வேண்டும். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி ஒரு தீவட்டி ஒரு மணி நேரம் எரியும். சுற்றிலும் 20 அடிக்கு நல்ல வெளிச்சம், அதற்கு அப்பால் இன்னும் 20 அடிக்கு மங்கல். மேசையில் ஐந்து அடிக்கு ஓர் அங்குலக் கட்டம் என்பது கணக்கு. ஆக, அந்த நல்ல வெளிச்சம் நான்கு அங்குலம். டீலைட்டிலிருந்து பிடுங்கிய எல்இடியை இருட்டறையில் ஒரு குட்டித் தூணின் மேல் பொருத்தினால் அது ஏறக்குறைய அந்த அளவுக்கே பளிச்சென்று எரியும். ஐந்தாவது கட்டத்தில் நிற்கிற அரக்கனின் பாதி முகம்தான் தெரியும். ஆட்டக்காரர்கள் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். குட்டிக் கோட்டை கட்டும் வேலைக்குச் செலவிடும் மாலைகள் வீண் இல்லை என்று நான் நினைப்பதற்கு அந்த ஒரு கணமே போதும்.

எல்இடிக்கு முன்னால் மாதிரி ரயில் கட்டுபவர்களிடமும் பொம்மை வீடு செய்பவர்களிடமும் கோதுமை மணி அளவு பல்புகள் இருந்தன. அழகானவைதான், ஆனால் சூடாகும். இன்று கோட்டைச் சுவர் செய்யப் பயன்படுவது எக்ஸ்பிஎஸ் என்னும் நுரைப்பலகை, நம் தெர்மாகோலுக்கு அண்ணன் முறை; மணி மணியாக உதிராமல் கத்திக்கு வெண்ணெய்போல் வெட்டுப்படும். அமெரிக்க வீடுகளின் சுவருக்குள் குளிர் தடுக்க வைக்கும் பொருள் இது. சூடு பட்டால் இளகிவிடும். பல்பை அதற்குள் புதைக்க முடியாது. பட்டன் செல்லில் எரியும் எல்இடி சுடுவதே இல்லை என்பதால்தான் அதைச் சுவருக்குள்ளேயே வைத்து மூட முடிந்தது.

பலகையைக் கல் அளவுக்கு வெட்டி, கசக்கிய அலுமினியத் தாளை மேலே அழுத்தி உருட்டினால் கல்லின் சொரசொரப்பு வந்துவிடும். ஸ்ப்ரே பெயின்ட்டை நேராக அடிக்கக் கூடாது, அதிலுள்ள கரைப்பான் நுரையைத் தின்றுவிடும். முதலில் கறுப்புப் பெயின்ட்டில் ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையைக் கலந்து பூச வேண்டும். அதன் மேல் ஈரமே இல்லாத பிரஷால் சாம்பல் நிறத்தைத் தடவினால் மேடுகள் மட்டும் வெளுக்கும். சுவரின் உட்பக்கத்துக்கும் கறுப்பு அவசியம். அதை விட்டால், எல்இடியைப் போட்டதும் கல் சுவர் முழுவதும் லாந்தர் கண்ணாடிபோல் ஒளிரும், கட்டிய கோட்டை அந்த நொடியே பொய்யாகிவிடும்.

எல்இடியின் தலையில் ஹாட் க்ளூவைச் சொட்டுச் சொட்டாக வைத்து மேல்நோக்கி இழுத்தால் ஆறும்போது தீ நாக்குகள் கிடைக்கும். பலர் அடியில் சிவப்பும் நுனியில் மஞ்சளும் பூசுகிறார்கள். நிஜ நெருப்பு அப்படியில்லை: அடியில் வெளுத்த மஞ்சள், மேலே போகப்போக ஆரஞ்சு, நுனியில் கருஞ்சிவப்பு.

கோட்டையில் மந்திர வாசலும் வைப்பதானால் அதற்கு நீல வெளிச்சம் வேண்டும். பளிச்சென்று எரியும் நீல எல்இடி வர 1990கள் ஆயின. அதற்காக அகாசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. சிவப்பு எரிய இரண்டு வோல்ட் அளவு போதும், நீலத்துக்கு மூன்று வோல்ட் வேண்டும். இரண்டையும் ஒரே பட்டன் செல்லில் நேராக மாட்டினால் சிவப்பு மின்னோட்டத்தையெல்லாம் இழுத்துக்கொள்ள, நீலம் இருட்டாகவே இருக்கும். தனித்தனி செல் கொடுப்பதுதான் எளிய வழி.

சிஆர்2032 என்ற அந்த செல் 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். குழந்தை விழுங்கிவிட்டால் உணவுக்குழாயை இரண்டே மணி நேரத்தில் அரித்துப் புண்ணாக்கக்கூடியது. அதனால் அடித்தட்டில் அதற்கான அறைக்குத் திருகு போட்ட மூடி கட்டாயம் வேண்டும். வெறும் டேப் ஒட்டிய கோட்டையைக் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு யாரும் கொடுக்கக் கூடாது.

செல் தீரும், மாற்றலாம். சுவரின் முனைகள் பெட்டியில் வைத்து எடுக்கும்போதே மழுங்கும், ஒருநாள் இரண்டாகப் பிளக்கும். எல்இடிக்கு எதுவும் ஆகியிருக்காது. வயரை ஒட்ட நறுக்கி, காய்ந்த பசையைச் சுரண்டிவிட்டு, அதையே அடுத்த கோட்டைக்கோ எரிமலைக்கோ வைத்துக்கொள்ளலாம்.