நிலந்தொடும் கலை

மாத்தளை மாவட்டத்தின் கீழ்த்திசையில், மகாவலி கங்கையை அடுத்து அமைந்தது வில்கமுவ. அங்கே வயலில் நிற்கும் உழவர், விண்ணிற் செல்லும் விமானத்தைக் கண்டு, மேலெழுவதே அரிய செயல் என்று எண்ணக்கூடும். விமானம் ஓட்டப் பயிலும் மாணவனோ, எழுவது எளிது, இறங்குவதே அரிது என்பான்.

இரத்மலானைத் தளத்தில் முதல் விமானம் இறங்கியது 1935ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள். சென்னையிலிருந்து அதனை ஓட்டி வந்த டின்டேல் பிஸ்கோ, சென்னைப் பறப்புக் கழகத்தின் தலைமைப் பயிற்சியாசிரியர். ஆகவே அந்நிலத்தை முதலில் தொட்டவர், தொடும் கலையைக் கற்பிப்பவரே. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், வில்கமுவ அடங்கிய மாத்தளை மாவட்டத்திலேயே, சிகிரியாவிலும் ஒரு விமானத்தளம் இயங்கியது.

1951இல் அரச இலங்கை விமானப்படை தோன்றியபோது, அதன் முதற் பயிற்சி விமானம் சிப்மங்க். மாணவன் முன்னிருக்கையிலும் ஆசிரியர் பின்னிருக்கையிலும் அமர்வர். முன்னிரு சக்கரங்களும் வாலிலொரு சிறு சக்கரமும் கொண்டது அது.

நிலத்தை நெருங்குகையில் மாணவன் மூக்கை மெல்ல உயர்த்தி, வேகத்தைக் குறைக்க வேண்டும். அதிக உயரத்திலேயே அவ்வாறு செய்தால் சிறகுகள் தாங்கும் வலுவை இழக்க, விமானம் தொப்பென்று விழும். பிந்திச் செய்தாலோ முன்சக்கரங்கள் நிலத்தில் மோதும். பாரத்தின் மையம் அவற்றுக்குப் பின்னே இருப்பதால் வால் தாழும், சிறகின் சாய்வு மிகும், விமானம் மீண்டும் மேலெழும். அஞ்சிய மாணவன் மூக்கைக் கீழே தள்ளினால், அடுத்த மோதல் முந்தியதினும் கொடியதாகும். சுழல்விசிறியும் தரையில் இடிபடலாம். துள்ளல் பெரிதாயின் இயந்திரத்துக்கு முழுவிசை கொடுத்து, மீண்டும் ஒரு சுற்றுப் பறந்து வருவதே தக்க வழி.

அச்சத்தை அறிவால் வெல்லும் இம்முறைக்கு வழிகாட்டியவர் இங்கிலாந்தின் ஸ்மித் பாரி. 1917இல் கொஸ்போட் நகரில் அவர் நடத்திய பள்ளியில், ஆபத்தைக் கண்டு விலகுமாறு மாணவருக்குச் சொல்லப்படவில்லை. ஆசிரியர் உடனிருக்க, ஆபத்தினுள் புகுந்து மீளவே கற்பிக்கப்பட்டது. பின்னர் உலகெங்கும் பரவியது அம்முறையே.

1972இல் நாடு குடியரசானபின் அப்படை இலங்கை விமானப்படை எனப் பெயர் பெற்றது. திருகோணமலைச் சீனக்குடாவில் இன்றும் அதன் மாணவர் பயில்கின்றனர். விமானங்கள் மாறினும் பாடம் மாறவில்லை. தவறிய இறக்கத்தைப் பிடிவாதமாக முடிக்க முயல்பவன் அல்லன், மீண்டும் உயர்ந்து புதிதாகத் தொடங்கத் துணிபவனே நல்ல விமானி.