முனையத்தின் கட்டமும் தமிழ் எழுத்தின் அகலமும்: ஒருங்குறி முனையங்களின் நிரல்தொகுப்பு வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

கட்டளைவரி முனையங்களில் தமிழ் சிதைந்து தெரிவதற்கு எழுத்துருவே காரணம் எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. ஓர் எழுத்துக்கு எத்தனை கட்டம் என்ற கேள்விக்கு ஒவ்வொரு இயங்குதளமும் தந்த வெவ்வேறு விடைகளே முதன்மைக் காரணம் என்பதை, முனைய மென்பொருள்களின் வரலாற்றையும் அவற்றை வெவ்வேறு தளங்களில் தொகுக்கும்போது எழும் இடர்களையும் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: முனையம், ஒருங்குறி, யூடிஎஃப்-8, உயிர்க்குறி, நிரல்தொகுப்பு, தமிழ்க் கணிமை.

முன்னுரை

தமிழ்த் தரவகங்களை உருவாக்குவோரும் மின்னூலகப் பட்டியல்களைப் பேணுவோரும் இன்றும் முனையத்தின் வழியாகவே பெரும்பகுதி வேலையைச் செய்கின்றனர். ஆயிரக்கணக்கான கோப்புகளின் பெயர்களை மாற்றுவதும், சொல்லடைவு எடுப்பதும், சேவைக்கணினியில் நிரல்களை ஓட்டுவதும் அங்கேதான். அத்திரையில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் நிற்பதும், அழித்த எழுத்து அழியாமல் எஞ்சுவதும், பட்டியலின் பத்திகள் கோணுவதும் பழகிப்போன காட்சிகள். வேறோர் எழுத்துருவை நிறுவிப் பார்ப்பதே பெரும்பாலோர் செய்யும் முதல் முயற்சி. அம்முயற்சி ஏன் பயன் தருவதில்லை என்பதை அறிய, முனையம் என்பது மென்பொருளாவதற்கு முன்பு ஓர் இயந்திரமாக இருந்த காலத்திற்குச் செல்ல வேண்டும்.

கட்டத்தின் தோற்றம்

டிஜிட்டல் எக்விப்மெண்ட் நிறுவனம் 1978இல் வெளியிட்ட விடி100 என்ற கருவியின் திரை 24 வரிகளும் வரிக்கு 80 கட்டங்களும் கொண்டது. ஒரு குறியீடு வந்தால் ஒரு கட்டம் நிரம்பும். சுட்டி ஓர் இடம் நகரும். 1984இல் மார்க் வாண்டவூர்டு எழுதிய எக்ஸ்டெர்ம் இவ்வகைக் கருவிகளை மென்பொருளாகப் போலச்செய்தது. கருவி மறைந்தது, கட்டம் நிலைத்தது. இன்று வெளிவரும் முனையங்களும் விடி100இன் கட்டளைத் தொடர்களையே புரிந்துகொள்கின்றன.

இக்கட்ட ஒழுங்கில் கிழக்காசிய மொழிகள் தமக்கென இடம் பெற்றன. ஒரு சீன எழுத்துக்கு இரு கட்டம் என்பது அங்கு முன்பே நிலைபெற்ற வழக்கம். ஜப்பானியருக்குக் கேடெர்ம், கொரியருக்கு ஹான்டெர்ம் என எக்ஸ்டெர்மின் வழிவந்த முனையங்களும் உருவாயின. தமிழோ கணினிக்குள் அச்சுக்கோப்பு, சொற்செயலி ஆகியவற்றின் வழியாக நுழைந்தது. அங்கு எழுத்துகள் தத்தம் அகலத்தை எடுத்துக்கொள்ளலாம். கட்டம் என்ற கட்டுப்பாடு இல்லை. தமிழ்த் தட்டச்சுப்பொறி இச்சிக்கலுக்கு ஏற்கெனவே ஒரு விடை கண்டிருந்தது என்பதையும் இங்கே குறிப்பிடலாம்: புள்ளி அமைந்த விசை நகரா விசை, அதை அடித்தால் தாள் நகராது. அகலமற்ற குறி என்ற கருத்தை இரும்பில் செய்து காட்டிய பொறி அது.

1990களின் எட்டுபிட்டுக் குறியேற்றங்களுள் ஒன்றான திஸ்கி, எழுத்து வடிவங்களைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே அடுக்கியது. கொம்பு முதலில் வரும், மெய் பின்னர் வரும். கொள்கையளவில் இது முனையத்துக்கு ஏற்றது. எனினும், முனையங்கள் கட்டுப்பாட்டுக் கட்டளைகளுக்கென ஒதுக்கிய 128 முதல் 159 வரையுள்ள இடங்களிலும் அது எழுத்துகளை வைத்தது. எனவே ஓர் எழுத்தை முனையம் கட்டளையாக எடுத்துக்கொள்ளும் இடர் இருந்தது.

மின்னும் மீனும்

கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992 செப்டம்பரில் வடிவமைத்த யூடிஎஃப்-8 குறியேற்றம் அவ்விடரை நீக்கியது. அதில் அடிப்படைத் தமிழ்த் தொகுதியின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டு. ஆனால் அகலச் சிக்கல் தீரவில்லை, இடம் மாறியது. ஒரு குறிக்கு எத்தனை கட்டம் எனச் சொல்லும் பொறுப்பு டபிள்யூசிவிட்த் என்னும் செயற்கூற்றிடம் வந்தது. மார்க்குஸ் கூன் எழுதிப் பொதுப்பயனுக்கு அளித்த அதன் வடிவம் எக்ஸ்டெர்ம், புட்டி முதலிய முனையங்களில் இடம்பெற்றது. ஒருங்குறி அட்டவணை இடங்கொள்ளாக் குறி என வகைப்படுத்தியவற்றுக்குச் சுழியம், இடங்கொள்ளும் குறிகளுக்கு ஒன்று என்பது அதன் விதி.

தமிழ் உயிர்க்குறிகளில் ஈகாரக் குறி மட்டுமே இடங்கொள்ளாக் குறி என வகைப்படுத்தப்பட்டுள்ளது. புள்ளியும் அவ்வகையே. இகரம், உகரம், ஊகாரம் முதலிய ஏனைய குறிகள் இடங்கொள்ளும் வகை. இதன் விளைவாக ‘மின்’ என்ற சொல்லுக்கு மூன்று கட்டம், ‘மீன்’ என்ற சொல்லுக்கு இரண்டு. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு எனக் கற்ற நமக்கு, நெடில் குறிலைவிடக் குறுகி நிற்கும் இக்கணக்கு வியப்பளிக்கும். ஈகாரச் சுழி எழுத்தின் மேலேயே அமைகிறது என்ற பார்வையில் இவ்வகைப்பாடு நேர்ந்திருக்கலாம். இகரக் கொக்கி அதிலிருந்து அவ்வளவு வேறுபட்டதன்று என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

தொகுப்பில் எழும் இடர்கள்

கம்பைல் செய்தல் எனப் பேச்சில் வழங்கும் நிரல்தொகுப்பு பிழையின்றி முடிந்தால் முனையம் தமிழைக் காட்டும் என்பது உறுதியில்லை. தொகுப்புக்கு முன் ஓடும் கான்ஃபிகர் நிரல், கணினியில் எந்தெந்த நூலகங்கள் உள்ளன எனத் தேடுகிறது. எழுத்துகளை ஒழுங்குபடுத்தும் ஹார்ஃப்பஸ் போன்ற நூலகம் விருப்பத் தேர்வாக அமைந்த மென்பொருளில், அது கிடைக்காவிடில் அப்பகுதி ஓசையின்றி விடுபடக்கூடும். பிழைச்செய்தி எதுவும் வராது. கொம்பு மட்டும் மெய்க்குப் பின்னால் நிற்கும். ஆகவே தொகுப்பின் இறுதியில் தோன்றும் பட்டியலைப் படிப்பது முதற்பணி.

ஃபிரீபிஎஸ்டியில் வேறொரு சிக்கல். 2014இல் வெளிவந்த அதன் 10ஆம் பதிப்பு, குறியேற்றம் மாற்றும் ஐகான்வ் வசதியை அடிப்படைத் தளத்திலேயே சேர்த்தது. தனியே நிறுவிய குனு ஐகான்வும் உடன் இருந்தால், தொகுப்பி ஒன்றின் தலைப்புக்கோப்பையும் மற்றொன்றின் நூலகத்தையும் எடுத்துவிடக்கூடும். குனு தலைப்புக்கோப்பு செயற்கூற்றின் பெயருக்கு முன்னொட்டுச் சேர்ப்பது. தளத்தின் நூலகத்தில் அம்முன்னொட்டுப் பெயர் இல்லை. எனவே இணைப்புக் கட்டத்தில் ‘பெயர் காணப்படவில்லை’ என நின்றுவிடும். மேக் கணினியிலும் இதே முரண் நேர்வதுண்டு. தேடும் பாதைகளின் வரிசையை ஒருமைப்படுத்துவதே தீர்வு.

லினக்ஸில் தொகுப்பு எளிது. இடர் பின்னர் வரும். முனையம் ஒரு கணினியிலும், கட்டளைகளை ஏற்கும் ஷெல் தொலைவிலுள்ள சேவைக்கணினியிலும் இருக்கும்போது, இரண்டும் தனித்தனி அகல அட்டவணைகளைப் பார்க்கின்றன. கணக்கு ஒன்றுக்கொன்று வேறுபட்டால் சுட்டி தவறான கட்டத்தில் நிற்கும். அழித்த எழுத்து அழியாமல் எஞ்சுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். சேவைக்கணினியின் மொழிச்சூழல் யூடிஎஃப்-8 ஆக அமையாவிடில், ஓர் எழுத்தின் மூன்று பைட்டுகளும் மூன்று அறியாக் குறிகளாகிவிடும்.

மேக் கணினியின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பமைப்பு, கோப்புப் பெயர்களைப் பிரித்தே சேமித்தது. ‘கொடி’ எனப் பெயரிட்டால் ஒகரக் குறி கொம்பாகவும் காலாகவும் பிரியும். மேற்சொன்ன விதிப்படி, பிரியாத ‘கொடி’க்கு நான்கு கட்டம், பிரிந்ததற்கு ஐந்து. அக்கோப்பை லினக்ஸுக்குக் கொண்டுசென்றால், கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரு பெயர்கள் ஒரே அடைவில் இரு கோப்புகளாக நிற்கும். ஒன்றைத் தேடினால் மற்றொன்று அகப்படாது. தரவகத்தில் ஓர் ஆவணம் காணாமற்போனதாகக் கொள்ளப்பட இதுவே போதும். 2017இல் வந்த ஏபிஎஃப்எஸ் கோப்பமைப்பு இவ்வாறு பிரிப்பதில்லை. பழைய பெயர்கள் மட்டும் எங்கெங்கோ தங்கியுள்ளன.

விண்டோஸில் அகன்ற குறிக்கு 16 பிட்டு, லினக்ஸில் 32. அடிப்படைத் தமிழ்த் தொகுதி 16 பிட்டுக்குள் அடங்குவதால் இவ்வேறுபாடு நெடுநாள் தமிழரைத் தொடவில்லை. 2019 மார்ச்சில் ஒருங்குறி 12.0, மா, காணி, முந்திரி முதலிய பின்னக் குறிகளும் அளவைக் குறிகளும் அடங்கிய 51 குறிகளைத் தமிழ்ப் பின்னிணைப்பாகச் சேர்த்தது. அவை 16 பிட்டுக்கு அப்பாற்பட்டவை. விண்டோஸிலும் அதன்மேல் இயங்கும் சிக்வினிலும் இரு துண்டுகளாகவே கையாளப்படும். ஒரு கட்டத்துக்கு ஒரு துண்டு எனக் கொண்ட பழைய நிரல்கள் இக்குறிகளைப் பாதியாக உடைக்கும். கல்வெட்டுகளின் நில அளவைகளைக் கணினியில் ஏற்றுவோர் முதலில் எதிர்கொள்ளும் தடை இதுவாகலாம்.

இரு கணக்குகள்

பைத்தான் மொழியினர் பரவலாகப் பயன்படுத்தும் டபிள்யூசிவிட்த் நூலகம், 2023இல் இடங்கொள்ளும் குறிகளையும் சுழியமாக எண்ணத் தொடங்கியது. அதன்படி ‘மின்’, ‘மீன்’, ‘கொடி’ மூன்றுக்கும் இரண்டிரண்டு கட்டம். ‘கொடி’ பிரிந்திருந்தாலும் அதே இரண்டு. தமிழிலக்கணம் எழுத்தை எண்ணும் முறைக்கு இது நெருக்கமானது. ஆயினும் பழைய அட்டவணை கொண்ட முனையங்களும் புழக்கத்தில் உள்ளன. ஒரு மேசையிலேயே இரு கணக்குகள் நிலவுகின்றன. இம்மூன்று சொற்களையும் ஒரு வரியில் உள்ளிட்டு, சுட்டி எங்கு நிற்கிறது எனப் பார்த்தால், அம்முனையம் எக்கணக்கைப் பின்பற்றுகிறது என்பது தெரிந்துவிடும். பிழை அறிவிக்கும்போது எழுத்துருவின் பெயரோடு இவ்வெண்களையும் குறிப்பிட்டால் நிரலாளர் பிழையின் இடத்தைக் கண்டறிவது எளிதாகும்.

புதிய கணக்கிலும் ‘கொ’ ஓர் ஒற்றைக் கட்டத்துக்குள் திணிக்கப்படுகிறது. அராக்கி கென் 2001 முதல் உருவாக்கிவரும் எம்எல்டெர்ம், கட்டத்தின் அகலத்தையே எழுத்துக்கேற்ப நெகிழ்த்தும் தேர்வைத் தருகிறது. அதைப் பயன்படுத்தினால் எழுத்து நேராகத் தெரியும்; பட்டியலின் பத்திகள் கோணும்.