மறை ஒன்று, பந்தி இரண்டு

ஒரு சமயத்தின் மறைநூலைப் போற்றுவது எளிது. அதனைக் கொண்டு அன்றாட வாழ்வின் வினாக்களுக்கு விடை காண்பது அரிது. யாருடன் அமர்ந்து உண்பது, எக்குடும்பத்தில் பெண் கொள்வது, திருநாளில் மலர் தொடுக்கலாமா என்பன போன்றவற்றுக்கெல்லாம் எந்த மறையும் பட்டியலிட்டு விடை கூறுவதில்லை. விடையை நூலிலிருந்து எடுப்பவர் மனிதரே. அவர் எந்த இடத்தில் அமர்ந்து எடுக்கிறார் என்பதைப் பொறுத்து விடையும் மாறக்கூடும். தமிழ்க் கிறிஸ்தவர்களிடையே சாதி பற்றி எழுந்த நெடிய விவாதம் இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டுகிறது. அவ்விவாதத்தை முற்றச் செய்த மடல் கல்கத்தாவிலிருந்து புறப்பட்டது. ஆதலின், தமிழகத்துக்கு வெளியே வாழும் நாம் அதனை நினைவுகூர்வதில் தனிப் பொருத்தம் உண்டு.

விவாதத்தின் வேர் 1606-ஆம் ஆண்டுவரை செல்கிறது. அவ்வாண்டில் மதுரைக்கு வந்த இத்தாலியத் துறவி ராபர்ட் தெ நொபிலி, பூணூலும் குடுமியும் சந்தனமும் சமூக வழக்கங்களே, சமயச் சின்னங்கள் அல்ல என்று வாதிட்டார். உடன் துறவியர் சிலர் எதிர்த்தனர். 1623-இல் போப்பாண்டவர் பதினைந்தாம் கிரகோரி, நொபிலியின் முறைக்கு இசைவு அளித்தார். சமய நெறி வேறு, உலக வழக்கம் வேறு என்னும் இப்பாகுபாடு பயனுள்ளதே. இஃது இல்லையேல், கிறிஸ்தவனாக விரும்பிய தமிழன் நடையாலும் உடையாலும் ஐரோப்பியனாகவும் ஆக நேர்ந்திருக்கும். ஆனால், இரண்டுக்கும் இடையே எல்லைக்கோட்டை எங்கே இடுவது? பின்வந்தோரை அலைக்கழித்த வினா அதுவே.

1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு என்னும் ஜெர்மானியர், புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்து அச்சிட்டு மக்கள் கையில் கொடுத்தார். மறையை எவரும் படிக்கலாம் என்றாயிற்று. எனினும், கோயிலுக்குள் வேளாளர் முதலியோர் ஒரு புறமும் பறையர் குலத்தார் மறு புறமும் அமர்ந்தனர். திருவிருந்தில் முன்னவர் முதலிலும் பின்னவர் பிறகும் பங்கு பெற்றனர். 1733-இல் வேளாளரான ஆரோன் என்பார் அச்சபையின் முதல் தமிழ்க் குருவாக அபிடேகம் பெற்றார். அதே காலத்தில் இராசநாயக்கன் என்றோர் உபதேசியார் இருந்தார். தஞ்சை மன்னர் படையில் பணிபுரிந்த அவர், அச்சிட்ட தமிழ் வேதாகமத்தைத் தாமே படித்துச் சபைக்கு வந்தவர். எனினும், பறையர் குலத்தில் பிறந்த அவருக்குக் குருப்பட்டம் கிட்டவில்லை. ஏனையோர் அவர் கையால் திருவிருந்து ஏற்கமாட்டார்கள் என்ற தயக்கமே காரணம். மறையைப் படிக்கும் உரிமை எல்லோருக்கும் வந்தது. பந்தியில் பரிமாறும் உரிமை வரவில்லை.

நூறாண்டு கழிந்தது. சென்னை மாகாணத்தின் ஆங்கிலேயத் திருச்சபை அப்போது கல்கத்தா ஆயரின் ஆளுகைக்கு உட்பட்டிருந்தது. 1826-இல் தஞ்சைக்கு வந்த ஆயர் ஹீபர், சாதிச் சிக்கலை மென்மையாகவே அணுகினார். ஆயினும் சில நாட்களில் திருச்சிராப்பள்ளியில் காலமானார். அவருக்குப் பின் சில ஆண்டுகளில் பதவிக்கு வந்த டேனியல் வில்சன் அத்தகையவர் அல்லர். சபைக்குள் சாதி வேற்றுமை உடனடியாகவும் முற்றாகவும் ஒழிய வேண்டும் என்று 1833-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மடல் விடுத்தார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் சபையை விட்டு வெளியேறினர். அவர்களுள் ஒரு பகுதியினர் பின்னர் லூத்தரன் சபையைச் சேர்ந்தனர்.

இரு தரப்பினர் கையிலும் இருந்தது ஒரே வேதாகமம். சாதியை மறுத்தோருக்கு, கிறிஸ்துவுக்குள் யூதரென்றும் கிரேக்கரென்றும் வேற்றுமை இல்லை என்னும் பவுலின் போதனை துணை நின்றது. புறவினத்தாருடன் உண்பதைக் கைவிட்ட பேதுருவைப் பவுல் நேருக்கு நேர் கண்டித்த நிகழ்ச்சியும் அவர்களுக்குச் சான்றாயிற்று. பொறுமை வேண்டும் என்றோருக்கும் மறையில் இடம் இருந்தது. உணவின் பொருட்டு எளிய மனச்சாட்சியுடைய சகோதரனை இடறச் செய்யாதே என்று கூறியவரும் அதே பவுல் அல்லவா?

இத்தரப்பின் ஆற்றல்மிக்க குரல், தஞ்சை வேதநாயக சாஸ்திரியாருடையது. 1774 முதல் 1864 வரை வாழ்ந்த இக்கவிஞர், சுவார்ட்ஸ் ஐயரிடம் பயின்றவர். புதிய பாதிரிமார் மீது அவர் சுமத்திய குறைகள் நான்கு: பழகிய வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றினர், பல சாதியாரையும் வலிந்து ஒன்றாக்கினர், திருநாளில் மலர்களை விலக்கினர், தமிழ்ப் பாடல்களைத் தடுத்தனர். ஐரோப்பியரிடையேயும் ஆண்டானும் பணியாளும் ஒரே மேசையில் உண்பதில்லையே என்றும் அவர் சுட்டினார்.

இக்குறைகளை ஒரே தட்டில் வைத்து நிறுத்தலாகாது. மலரும் பாட்டும் பற்றிய குறை முற்றும் நியாயமானது. அங்கே பாதிரிமார் தம் நாட்டுப் பழக்கத்தையே மறையின் கட்டளையாக மயங்கினர். மலர் தொடுப்பதால் பக்கத்தில் இருப்பவர் எவரும் தாழ்வதில்லை. ஆனால், தனி இருக்கையும் தனிப் பந்தியும் அத்தகையன அல்ல. அவை நிலைபெற வேண்டுமாயின், ஒருவர் நாள்தோறும் பின்னே நிற்க வேண்டும். இரண்டையும் ‘வழக்கம்’ என்னும் ஒரே சொல்லால் குறித்ததே பிழை. பிறரைத் தாழ்த்தாத வழக்கம் எது, தாழ்த்தும் வழக்கம் எது என்று கேட்டிருப்பின், கோடு தானே புலப்பட்டிருக்கும்.

எளிய சகோதரன் யார் என்பதும் அத்தகைய வினாவே. மனம் புண்படுமே என்று எண்ணி உயர்ந்தோருக்குப் பொறுமை காட்டினர். பின்வரிசையில் இருந்தவனை அச்சொல் குறிக்கக்கூடும் என்று கருதியவர் அன்று மிகச் சிலரே. வில்சன் மடலின் குறைபாடும் இங்கேயே உள்ளது. அதன் முடிவு நேரியது. ஆயினும் அது மேலிடத்து ஆணையாக வந்தது. ஆணையைக் கேட்டவர் சபையை மாற்றிக்கொண்டனர்; மனத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

மனமாற்றத்துக்கு நெடுங்காலம் ஆயிற்று. அது இன்னும் நிறைவுறவில்லை. தாழ்த்தப்பட்டோர் தாமே மறைக்குப் பொருள் கூற முற்பட்டபோதுதான் விவாதம் புதிய திசை கொண்டது. 1981-இல் பெங்களூரில் அரவிந்த் நிர்மல் ஆற்றிய உரை, தலித் இறையியலுக்கு வித்திட்டது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு, திருவிருந்தை எல்லோருக்கும் பொதுவான ‘ஒரு உலை’யாகக் கண்டார். இராசநாயக்கனுக்கு மறுக்கப்பட்ட பந்தி, அவரைப் போன்றோர் வாயிலாகவே புதுப்பொருள் பெற்றது.

பம்பாயிலும் தில்லியிலும் கல்கத்தாவிலும் வாழும் நாம், ஊரைவிட்டு வரும்போது மொழியையும் பாட்டையும் மலரையும் உடன் கொணர்ந்தோம். அவை நம்மை வாழ்விப்பன. அவற்றோடு கலந்து வந்த மற்றொன்றும் உண்டு. மணப்பேச்சு எழும்போது அது தலைகாட்டுகிறது. இவ்விரண்டையும் பிரித்தறியும் கடமை கிறிஸ்தவர்க்கு மட்டும் உரியதன்று. தத்தம் மறையைப் போற்றும் நம் அனைவர்க்கும் உரியது.