அலைக்கு வேலி இல்லை



என் சின்ன வயதில் ராமேஸ்வரத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் இலங்கை வானொலிதான் பாடும். நடுவில் கடல் கிடந்தாலும் அலைக்கு அது வேலி இல்லை. அந்த ரேடியோ பெட்டிக்கு அப்பா வருஷா வருஷம் தபால் ஆபீசில் லைசென்ஸ் பணம் கட்டுவார்.

போன மாதம் அது நினைவுக்கு வந்தது. லீவுக்கு வந்த பேரன் வைஃபை ரௌட்டரைப் பார்த்துவிட்டு, “அப்பத்தா, நம்ம வீட்டுல நாலு போன்தான். இதுல பதினோரு போன் காட்டுதே?” என்றான். இணைப்புக் கொடுக்க வந்தவர் என் செல் நம்பரையே பாஸ்வேர்டாக வைத்துவிட்டுப் போயிருந்தார். தெருவுக்கே தெரிந்த நம்பர்! “போகட்டும்டா, படிக்கிற பிள்ளைகள்” என்றேன். பிறகு இதன் வரலாற்றைப் படித்தபோதுதான், அப்படி விட்டது தப்பு என்று புரிந்தது.

வைஃபைக்கான பொது விதிமுறை 1997-இல் வந்தது. அதற்குப் போட்ட முதல் பூட்டின் பெயர் வெப். ‘கம்பிக்கு நிகரான தனிமை’ என்று அதற்குப் பொருள். ஆனால் காற்றில் போகும் செய்திகளைப் போதுமான அளவு சேகரித்தால், அதிலிருந்தே சாவியைக் கண்டுபிடித்துவிடலாம் என்று 2001-இல் புளூரர், மான்டின், ஷமிர் என்ற மூன்று அறிஞர்கள் காட்டிவிட்டார்கள். அவசரமாக 2003-இல் டபிள்யூபிஏ வந்தது. 2004-இல் உறுதியான டபிள்யூபிஏ2, 2018-இல் டபிள்யூபிஏ3.

நம் நாட்டில் வைஃபை அலைவரிசைக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று 2005 ஜனவரியில் அரசு அறிவித்தது. அப்பா கட்டிய மாதிரி நாம் பணம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் பொறுப்பு நம்மிடம் வந்துவிட்டது.

அந்தப் பொறுப்பு என்னவென்று 2008 ஜூலை 26 காட்டியது. அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் போனது. அது எங்கிருந்து வந்தது என்று போலீஸ் தேடிப் போனபோது, நவி மும்பையில் ஓர் அமெரிக்கரின் வீட்டு இணைப்பில் போய் நின்றது. அவருடைய வைஃபைக்குப் பூட்டு இல்லை. யாரோ அதில் நுழைந்து அனுப்பியிருக்கிறார்கள். செய்யாத ஒன்றுக்கு அவர் விசாரணையில் நிற்க வேண்டியதாயிற்று. 2009-இல் தொலைத்தொடர்புத் துறை, வைஃபையைப் பாதுகாப்பாக வைக்க வேண்டும் என்று இணைய நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டது.

வெளியிலிருந்து தேடி வருபவர்களுக்குத் தெரிவது வீட்டு இணைப்புதான். உள்ளே யார் உட்கார்ந்து தட்டினார் என்பது தெரியாது.

பேரனும் நானும் செய்ததைச் சொல்கிறேன். நீங்களும் இன்றே செய்யுங்கள்.

1. ரௌட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் நுழையும் பாஸ்வேர்டை முதலில் மாற்றினோம். இது வேறு, வைஃபை பாஸ்வேர்டு வேறு.
2. பாதுகாப்பு வகையில் டபிள்யூபிஏ2 தேர்ந்தெடுத்தோம். உங்கள் ரௌட்டரில் டபிள்யூபிஏ3 இருந்தால் இன்னும் நல்லது. வெப் வேண்டவே வேண்டாம்.
3. தொடர்பில்லாத நான்கு சொற்களைச் சேர்த்து நீளமான வைஃபை பாஸ்வேர்டு வைத்தோம். போன் நம்பர், பிறந்த தேதி கூடாது.
4. பொத்தானை அமுக்கி இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்தோம்.
5. ரௌட்டரின் மென்பொருளைப் புதுப்பித்தோம்.

மறுநாள் பட்டியலில் நான்கே போன்கள்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பரீட்சை. அவளைத் திண்ணைக்கு வரச் சொல்லி, விருந்தினருக்கான தனி இணைப்பைக் கொடுத்திருக்கிறேன். கொடுப்பதில் தப்பில்லை பிள்ளைகளே. யாருக்குக் கொடுத்தோம் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.