ஹவ் டு நேம் இட்? (இசைத்தொகுப்பு)

ஹவ் டு நேம் இட்? என்பது இளையராஜா இசையமைத்து 1986 ஆம் ஆண்டில் வெளியான கருவியிசைத் தொகுப்பு ஆகும். இத்தலைப்புக்கு "இதற்கு எவ்வாறு பெயரிடுவது?" என்பது பொருள். பத்து உருப்படிகளைக் கொண்ட இத்தொகுப்பு, திருவையாற்றில் வாழ்ந்த தியாகராஜருக்கும் (1767–1847), செருமானிய இசையமைப்பாளர் யோகான் செபாஸ்தியன் பாக்குக்கும் (1685–1750) காணிக்கையாக்கப்பட்டது. திரைப்படம் சாராத இளையராஜாவின் ஆக்கங்களுள் பரவலாக அறியப்பட்ட ஒன்றான இது, கேட்போரிடையே மாறுபட்ட கருத்துகளையும் தோற்றுவித்தது. அக்கருத்துகளும் அவற்றுக்கான இசையியல் காரணங்களும் இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

பின்னணி

1943 இல் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, தம் அண்ணன் பாவலர் வரதராசனின் இசைக்குழுவில் இணைந்து ஊர் ஊராகச் சென்று நிகழ்ச்சிகள் நடத்தியவர். பின்னர் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்றார். டி. வி. கோபாலகிருஷ்ணனிடம் கருநாடக இசையும் கற்றார். 1976 இல் வெளியான அன்னக்கிளி இவருடைய முதல் திரைப்படம்.

இத்தொகுப்பு வெளிவருவதற்கு முந்தைய ஆண்டிலேயே இவரது இசை குறித்து ஒரு விவாதம் எழுந்திருந்தது. சிந்து பைரவி (1985) திரைப்படத்தில், காம்போதி இராகத்தில் அமைந்த தியாகராஜரின் "மரி மரி நின்னே" கிருதியை இவர் சாரமதி இராகத்துக்கு மாற்றி அமைத்தார். கிருதியின் இராகத்தை மாற்றும் உரிமை பிறருக்கு உண்டா என்ற கேள்வி அப்போது எழுப்பப்பட்டது. அத்திரைப்படத்தின் இசைக்காக இவருக்குத் தேசிய விருது கிடைத்தது. ஆகவே 1986 இல் இத்தொகுப்பைக் கேட்கத் தொடங்கியவர்களுள் சிலர் முன்கூட்டியே ஆதரவாகவோ எதிர்ப்பாகவோ ஒரு நிலைப்பாட்டைக் கொண்டிருந்தனர் எனலாம்.

இரு மரபுகளும் சந்தித்தது இதுவே முதன்முறை அன்று. முத்துசுவாமி தீட்சிதர் மேற்கத்திய மெட்டுகளுக்கு நோட்டுசுவரப் பாடல்கள் இயற்றினார். அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலினைக் கருநாடக இசைக்குக் கொண்டு வந்தவர்களுள் முதன்மையானவர். இத்தொகுப்பிலும் வயலினே முதன்மைக் கருவியாக விளங்குகிறது. தனி வயலின் பகுதிகளை வாசித்தவர் வி. எஸ். நரசிம்மன்.

உருப்படிகள்

* ஹவ் டு நேம் இட் – எவ்வாறு பெயரிடுவது
* மேட் மாட் மூட் ஃபியூக் – ஃபியூக் வடிவத்தைத் தலைப்பிலேயே சுட்டுவது
* யூ கேனாட் பி ஃப்ரீ – நீ விடுதலையாக இருக்க இயலாது
* ஸ்டடி ஃபார் வயலின் – வயலினுக்கான பயிற்சி
* இட் இஸ் ஃபிக்ஸ்டு – அது நிலையாக அமைந்தது
* சேம்பர் வெல்கம்ஸ் தியாகராஜா – அவை தியாகராஜரை வரவேற்கிறது
* ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ் – பாக்கை என் வீட்டில் சந்தித்தேன்
* அண்ட் வி ஹேட் எ டாக் – பிறகு நாங்கள் உரையாடினோம்
* டோன்ட் கம்பேர் – ஒப்பிடாதே
* டூ எனிதிங் – எதையும் செய்

பாக்கைச் சந்தித்ததும் அவருடன் உரையாடியதும் இரு தலைப்புகளாக அமைந்து ஒரே வாக்கியமாகத் தொடர்வது குறிப்பிடத்தக்கது. "ஒப்பிடாதே" என்று ஒரு தலைப்பு கூறினாலும், கேட்போரின் கருத்துகள் பெரும்பாலும் ஒப்பீடுகளாகவே அமைந்தன.

கேட்போர் கருத்துகள்

கருநாடக இசை கேட்போர்

கருநாடக இசையில் தோய்ந்த கேட்போர் முன்வைக்கும் முதன்மையான மறுப்பு கமகம் பற்றியது. கருநாடக இசையில் சுரம் என்பது ஓரிடத்தில் நிற்கும் புள்ளி அன்று. தோடி இராகத்தின் காந்தாரம் போன்ற சுரங்கள் அசைவினாலேயே உருப்பெறுகின்றன. மேற்கத்திய ஒத்திசைவோ பல சுரங்கள் ஒரே நேரத்தில் நிலையாக ஒலிப்பதால் உண்டாவது. ஒரு குரல் அசையும்போது அதனுடன் சேர்ந்து ஒலிக்கும் பிற குரல்கள் அதற்கு இடையூறாகலாம். அசைவை நீக்கினால் இராகம் வெறும் ஆரோகண அவரோகணமாகச் சுருங்கிவிடும். ஆகவே இத்தொகுப்பில் இராகத்தின் நிழல் உண்டு, இராகம் இல்லை என்பது இவர்களின் வாதம்.

இதே மரபைச் சேர்ந்த வேறு சிலர் இதை ஏற்பதில்லை. முதன்மை வயலின் கமகத்தோடு பாட, துணை வயலின்களும் தாழ்சுரக் கருவிகளும் அந்த இராகத்தின் சுரங்களுக்குள்ளேயே நகர்ந்தால் இராகம் குலையாது என்பது அவர்கள் கருத்து. இளையராஜா சுரக்கூட்டுகளை அடுக்குவதைவிட, தனித்தனி இசைவரிகளை ஒன்றன்மேல் ஒன்றாக நெய்வதையே விரும்பியிருக்கிறார் என்றும், அவ்வகையில் பாக்கின் பல்குரல் முறையே இராக இசைக்கு மிகவும் அணுக்கமானது என்றும் இவர்கள் கூறுவர்.

மேற்கத்திய செவ்விசை கேட்போர்

மேற்கத்திய செவ்விசை அறிந்தோரின் கருத்துகள் ஃபியூக் வடிவத்தையும் பாக்கின் மூல இசையையும் சுற்றி அமைகின்றன. ஃபியூக் என்பது ஒரு குறுங்கருவை முதற்குரல் அறிமுகப்படுத்த, அடுத்தடுத்த குரல்கள் அதையே ஏந்தி நுழைந்து வளர்க்கும் வடிவம். பாக்கின் ஃபியூக்குகளில் கரு பல சுருதித் தளங்களுக்கு இடம் மாறிச் சென்று திரும்பும். ஓர் ஆதார சட்சத்தைவிட்டு நீங்காத இராக இசையில் அத்தகைய பயணத்துக்கு இடம் குறைவு. எனவே இங்குள்ளது ஃபியூக்கின் தொடக்கமே அன்றி அதன் முழு வளர்ச்சி அன்று எனச் சிலர் கருதுகின்றனர்.

"ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்" உருப்படியில், தனி வயலினுக்காகப் பாக் இயற்றிய ஈ மேஜர் மூன்றாம் பார்த்தீத்தாவின் முன்னிசை இடம்பெறுகிறது. பாக்கின் கையெழுத்துப்படி 1720 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தனித்து ஒலிக்கவேண்டிய இசையோடு வேறு வரிகளைச் சேர்ப்பது தேவையற்றது என்போர் உள்ளனர். ஆனால் பாக்கே இம்முன்னிசையை 1731 இல் ஆர்கனுக்கும் இசைக்குழுவுக்கும் ஏற்ப மாற்றித் தம் 29 ஆம் கண்டாட்டாவின் தொடக்கமாகப் பயன்படுத்தினார். உருசிய இசையமைப்பாளர் இரஃமானினொவ் இதனைப் பியானோவுக்காக விரித்து எழுதினார். இளையராஜாவின் சேர்க்கையும் இவ்வரிசையில் வருவதே என ஆதரிப்போர் சுட்டுகின்றனர்.

திரையிசை கேட்போர்

தமிழகத்தின் பெரும்பாலான கேட்போர் இத்தொகுப்பைத் திரையிசையின் வழியாகவே அணுகினர். பாடல்களின் இடையிசையில் சில நொடிகளே கேட்டுப் பழகிய வயலின் கூட்டத்தை முழு உருப்படியாகக் கேட்க முடிந்தது இவர்களுக்குப் புதிய பட்டறிவாக இருந்தது. சொற்கள் இல்லாததால் எதைப் பற்றிக்கொண்டு கேட்பது எனத் தடுமாறியவர்களும் உண்டு. பாலு மகேந்திரா, பாடல்களே இல்லாத தமது வீடு (1988) திரைப்படத்துக்கு இத்தொகுப்பின் இசையைப் பின்னணியாகப் பயன்படுத்தினார். அதன் பிறகு பலருக்கு இவ்விசை, சிறுகச் சிறுகச் சேர்த்து வீடு கட்ட முயலும் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் கவலையோடு பிரிக்க முடியாததாயிற்று.

ராக் இசையுடன் ஒப்பீடு

ராக் இசை கேட்போர் இத்தொகுப்பை 1960களின் இறுதியில் பிரித்தானியாவில் தோன்றிய முற்போக்கு ராக் இசையோடு ஒப்பிடுவதுண்டு. ஜெத்ரோ டல் குழு 1969 இல் பாக்கின் "பூரே" ஒன்றைப் புல்லாங்குழல் முதன்மையாகத் தன் பாணியில் வாசித்தது. அதே ஆண்டு அக்டோபரில் கிங் கிரிம்சன் குழுவின் "இன் தி கோர்ட் ஆஃப் தி கிரிம்சன் கிங்" வெளிவந்தது. உரத்த மின்கிதாரையும் மெல்லோட்ரான் கருவியின் நரம்பிசை ஒலியையும் இணைத்த அத்தொகுப்பு தொடக்கக்கால முற்போக்கு ராக் ஆக்கங்களுள் முதன்மையானது. அதனை தி ஹூ குழுவின் பீட் டவுன்செண்ட் தலைசிறந்த படைப்பு எனப் பாராட்டினார். அமெரிக்கத் திறனாய்வாளர் இராபர்ட் கிறிசுட்காவ் போலியானது என ஒதுக்கினார். அதன் நான்காம் உருப்படியான "மூன்சைல்ட்", நீண்ட கற்பனைவாசிப்புப் பகுதிக்காக இன்றும் கேட்போரை இரு பிரிவாக்குகிறது.

இரு தொகுப்புகளின் ஒலியும் வெவ்வேறானவை. ஆனால் அவற்றின் மீதான குறைகூறல் ஒன்றுபோல் அமைந்தது. செவ்விசை கேட்போர் "இது எங்கள் இசையின் ஆழத்தை எட்டவில்லை" என்றும், வெகுமக்கள் இசை கேட்போர் "இது எங்கள் இசையின் எளிமையை இழந்துவிட்டது" என்றும் கூறினர். இரு மரபுகளுக்கு இடையில் நிற்கும் இசை, இரண்டு அளவுகோல்களாலும் குறையுடையதாகவே தோன்றும். கேட்போர் தாம் பழகிய அளவுகோலைச் சற்று விலக்கி வைத்துக் கேட்கும்போதே அதன் சொந்த ஒழுங்கு புலப்படும். தொகுப்பின் தலைப்பு வினாவாக அமைந்திருப்பதை இப்பொருளில் விளங்கிக்கொள்ளலாம்.

தாக்கம்

1988 இல் புல்லாங்குழல் கலைஞர் அரிபிரசாத் சௌராசியாவுடன் இணைந்து "நத்திங் பட் விண்ட்" என்ற தொகுப்பை இளையராஜா வெளியிட்டார். வி. எஸ். நரசிம்மன் 1993 இல் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட் என்ற நால்வர் குழுவை நிறுவி, கருநாடக இசைக் கிருதிகளை மேற்கத்திய ஒத்திசைவுடன் வாசிக்கலானார். இளையராஜாவின் திருவாசகம் 2005 இல் வெளிவந்தது. அவரது "வேலியண்ட்" சிம்பொனி 2025 மார்ச் 8 அன்று இலண்டனில் அரங்கேறியது. இவ்வாக்கங்கள் குறித்து நடைபெற்ற விவாதங்களிலும், 1986 இல் எழுந்த அதே கேள்வி, அதாவது இவ்விசையை எந்த மரபின் அளவுகோலால் மதிப்பிடுவது என்பது, மீண்டும் எழுந்தது.

இவற்றையும் பார்க்க

* நத்திங் பட் விண்ட்
* வீடு (திரைப்படம்)
* நோட்டுசுவரம்
* ஃபியூக்
* முற்போக்கு ராக்