வைகறையில் நகரைத் துலக்கிய கரங்கள்

சிங்கப்பூரின் தூய்மையைப் புகழாதார் இலர். ஆயினும், அத்தூய்மை சட்டத்தாலும் இயக்கத்தாலும் மட்டும் விளைந்ததன்று. பொழுது புலருமுன் துடைப்பமும் கூடையும் ஏந்தி எழுந்த எளிய தொழிலாளரின் உழைப்பே அதன் அடித்தளம். அவர்களுள் நம் முன்னோர் பலர் இருந்தனர் என்பதை இம்மலர் வழியே நினைவுகூர்வது நம் கடமையாகும்.

1947ஆம் ஆண்டுக் குடிக்கணக்கெடுப்பில் 938,144 ஆக இருந்த மக்கள்தொகை, 1957இல் 1,445,929 ஆக உயர்ந்தது. நகரின் நடுப்பகுதிக் கடைவீடுகள் சிறுசிறு அறைகளாகத் தடுக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் பல குடும்பங்கள் வாழ்ந்தன. பாதாளச் சாக்கடை எட்டாத இடங்களில் வாளிக் கழிவறைகளே இருந்தன.

பழைய கடைவீடுகள் முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டப்பட்டவை. ஆதலால் கழிவு வாளியைச் சமையலறை, கூடம் வழியே தூக்கி, முன்வாசல் ஐந்தடிப் பாதைக்குத்தான் கொண்டுவர இயலும். 1907இல் பேராசிரியர் சிம்ப்சன் அளித்த சுகாதார அறிக்கை, வீடுகளுக்குப் பின்னே சந்துகள் திறக்க வேண்டுமென வற்புறுத்தியது. 1927இல் அமைந்த சிங்கப்பூர் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் அப்பணியைத் தொடர்ந்தது. இன்று நாம் கடந்து செல்லும் பின்சந்துகள் பல, இவ்வாறு தோன்றியவையே.

நிறைந்த வாளியை எடுத்து, கழுவிய வாளியை வைத்துச் செல்வது வழக்கம். சிறுசிறு கதவுகள் கொண்ட லாரிகளில் வாளிகள் ஏற்றப்பட்டன. இவ்வேலையில் சீனத் தொழிலாளர் மிகுதியாக ஈடுபட்டனர். தெருக்கூட்டுதல், குப்பை அள்ளுதல், வடிகால் தூர்வாருதல் போன்றவற்றில் தமிழர் மிகுதியாக இருந்தனர். நகராண்மைக் கழகமும், 1951இல் சிங்கப்பூர் நகரத் தகுதி பெற்றபின் நகரமன்றமும் இவர்களை நாட்கூலிக்கு அமர்த்தின. வடிகால் அடைத்தால் வெள்ளமும் கொசுவும் பெருகும். கழிவு தேங்கினால் வாந்திபேதியும் குடற்காய்ச்சலும் பரவும். மருத்துவர் வருமுன் நோயைத் தடுத்தோர் இவர்களே.

எனினும், இவர்களுக்குக் கிடைத்த கைம்மாறு யாது? கூலி குறைவு, இகழ்ச்சி மிகுதி. தாயகத்திலிருந்து சாதிப் பாகுபாடும் உடன் கப்பலேறி வந்தது. சில ஆலயங்களின் வாயிலும் இவர்களுக்கு அடைபட்டிருந்தது. 1932இல் தோன்றிய தமிழர் சீர்திருத்தச் சங்கம் இவ்வேற்றுமைகளை எதிர்த்துக் குரல் கொடுத்தது. அவ்வரலாற்றை மறைப்பது நமக்கு அழகன்று.

1968 அக்டோபரில் பிரதமர் லீ குவான் இயூ தொடங்கிய தூய்மை இயக்கம் பொதுமக்களின் பழக்கத்தை மாற்றியது. பாதாளச் சாக்கடை தீவெங்கும் விரிந்தது. 1987 ஜனவரியில் வாளிமுறை முற்றும் ஒழிந்தது. மனிதக் கழிவை மனிதர் சுமக்கும் நிலை அன்றோடு முடிந்தது.

திருவிழா நாளில் அன்னதானப் பந்தி முடிந்ததும் எச்சில் இலை எடுப்பதைத் தொண்டென்று போற்றுகிறோம். நாள்தோறும் தெருவில் அதே பணி செய்தவரை மட்டும் தாழ்ந்தவர் என்பது எவ்வகை நியாயம்? தம் பாட்டனார் துடைப்பம் பிடித்தவர் என்று சொல்லக் கூசும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. கூச்சம் அவர்களுக்கு வேண்டுவதில்லை. அவர்களை ஒதுக்கிய சமூகத்திற்கே வேண்டும். அம்மூத்தோரின் பெயரையும் பணியையும் ஒவ்வொரு குடும்பமும் எழுதி வைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லுமாக!